குடிநோய் மீட்பில் பொழுதுபோக்கு சிகிச்சை: கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடும் முறை

மறுவாழ்வு மையங்களின் அன்றாட அட்டவணையில் மாலை 4 முதல் 5.30 வரை ‘விளையாட்டு’ என்று ஒரு கட்டம் இருக்கும். கேரம் பலகையும் வாலிபாலும் தொலைக்காட்சியும் அந்தக் கட்டத்தை நிரப்பும். புதிதாகச் சேர்ந்த பணியாளரிடம், “இந்த விளையாட்டு ஏன் இவருக்கு, ஏன் இந்த வாரத்தில்?” என்று கேட்டால், “சும்மா இருந்தா குடி ஞாபகம் வரும் சார்” என்பதைத் தாண்டிப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்தப் பதில் தவறல்ல. ஆனால் விளையாட்டு, கைவினை போன்ற ஓய்வுநேரச் செயல்களை மீட்புக்காகத் திட்டமிட்டுப் பயன்படுத்துவதுதான் பொழுதுபோக்கு சிகிச்சை; அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கான சிகிச்சையைத் திட்டமிட முடியாது.

கோட்பாடு என்பது பயிற்சித் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடும் பாடம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எந்த விளையாட்டு என்பதைவிட, அதை யார் தேர்ந்தெடுப்பது, எந்த நேரத்தில், எவ்வளவு கடினமாக, யாருடன், முடிந்தபின் என்ன பேசுவது ஆகியவற்றைத் தீர்மானிக்கத்தான் கோட்பாடு தேவைப்படுகிறது. மது சார்ந்த குடிநோய்க்காக உள்நோயாளியாகத் தங்கும் ஒருவரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். மற்ற போதைப் பொருள்களுக்கு உடல் சார்ந்த முன்னெச்சரிக்கைகள் மாறும், திட்டமிடும் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

முதல் தேவை மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதி. குடியை நிறுத்திய 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் மூன்றாம், நான்காம் நாள்களில்கூட வரலாம். ஆகவே வார்டில் சேர்ந்த மறுநாளே ஒருவரை வாலிபால் திடலுக்கு அழைத்துப் போவது ஆர்வமல்ல, ஆபத்து.

அனுமதி கிடைத்த பிறகும் நடையைக் கவனியுங்கள். நடை தள்ளாடுவது, பார்வை நிலைகொள்ளாதது, பேச்சில் குழப்பம் ஆகியவை தையமின் (வைட்டமின் பி1) சத்துக் குறைவின் அறிகுறிகளாக இருக்கக்கூடும் என்பதால் அவரை விளையாட்டுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவரை வெறுங்காலோடு மைதானத்தில் இறக்கினால், கல் குத்தியதுகூட அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, பொருள்களின் சோதனை. தின்னர், ஒயிட்னர், ரப்பர் பசை போன்றவற்றின் ஆவியையே போதையாக இழுப்பவர்கள் இருக்கிறார்கள். குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை எடுப்பவருக்கு ஆல்கஹால் கலந்த கைகழுவும் திரவம்கூட ஒவ்வாமல் போகலாம். கைவினை அமர்வுக்கான பெட்டியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, செவிலியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். கத்தரிக்கோல், ஊசி போன்றவற்றை அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணுங்கள்.

மூன்றாவது, அவருடைய சம்மதம். குடும்பத்தினர் கையைப் பிடித்து அழைத்துவந்து சேர்த்தவர்களே நம்மிடம் அதிகம். உள்ளே வந்ததே தன் விருப்பமில்லாமல் என்று நினைப்பவரை விளையாட்டுக்கும் கட்டாயப்படுத்தினால், அந்த விளையாட்டும் அடைத்துவைத்ததன் ஒரு பகுதியாகிவிடும். வர மறுப்பவருக்குத் தண்டனை கிடையாது என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். ‘பேச்சுக் கேட்காதவருக்கு டிவி கட்’ என்ற விதி நடைமுறையில் இருந்தால், அதை நீக்கிய பிறகே பொழுதுபோக்கு சிகிச்சையைத் தொடங்குங்கள்.

2. ஆளை அறியுங்கள்: குடி நாளின் கடிகாரம்

“உங்க பொழுதுபோக்கு என்ன?” என்று கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. “ஒண்ணும் இல்ல சார்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அவர் மறைக்கவில்லை. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு போதைப் பயன்பாட்டுக் கோளாறுக்குத் தரும் 11 அளவுகோல்களில் ஒன்று, முக்கியமான சமூக, தொழில், பொழுதுபோக்குச் செயல்களைக் கைவிடுவது அல்லது குறைத்துக்கொள்வது. அதாவது, நீங்கள் கேட்பதைத்தான் நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பதிலாக, ஒரு தாளில் காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை நேரங்களை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு, சேர்வதற்கு முன் இருந்த ஒரு சாதாரண நாளை மணிக்கு மணி சொல்லச் சொல்லுங்கள். கொத்தனார் ஒருவரின் தாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காலையிலிருந்து மாலை 5 வரை அவர் விவரமாகச் சொன்னார். 5.30க்குச் சம்பளம் வாங்கியதைச் சொன்னார். 5.45 என்ற வரியில், “நாலு பேரும் சேர்ந்துதான் போவோம். அங்கதான் எல்லாம் பேசுவோம். தளம் போடறது, மேஸ்திரி ஏமாத்துனது, புள்ளைங்க படிப்பு, எல்லாம்” என்றார். வீட்டுக்குப் போன பிறகு உள்ள நேரம் முழுவதும் வெற்றாகக் கிடந்தது. அவருக்குக் குடி என்பது அன்றைய பேச்சு நடக்கும் ஒரே இடம் என்பதை அந்த ஒரு வரி காட்டியது.

கடிகாரத்தை முடித்ததும் பின்னோக்கிப் போங்கள். “பத்தாவது படிக்கிறப்போ சாயங்காலம் எங்க இருப்பீங்க?” “கல்யாணத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?” என்று இடத்தையும் நேரத்தையும் வைத்துக் கேட்டால், ‘பொழுதுபோக்கு’ என்ற சொல் வெளிக்கொணராத பல விஷயங்கள் வெளிவரும்: புறா வளர்த்தது, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டியது, சிலம்பம் கற்றது, தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அவற்றை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்; பின்னால் திட்டத்தில் அதே சொல்லைப் பார்க்கும்போது அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும்.

3. குடி அவருக்கு எதைத் தந்தது என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. இதைத் தாண்டினால் பின்னால் எந்தக் கோட்பாடும் பிடிகொடுக்காது. வாக்கியத்தின் வடிவம் இது:

“இவருக்குக் குடி ______ தந்தது. இப்போது அவரிடம் ______ இல்லை. ஆகவே செயல் ______ தர வேண்டும். அது நடக்கிறது என்பதை ______ பார்த்து அறிவோம்.”

கொத்தனாருக்கு நாங்கள் எழுதியது: “இவருக்குக் குடி சம வயதுக்காரர்களோடு உட்கார்ந்து பேசும் மாலை நேரத்தைத் தந்தது. இப்போது அவரிடம் குடிக்காத நண்பர் ஒருவரும் இல்லை. ஆகவே செயல் 5.30 முதல் 7 வரை நாலைந்து பேரோடு பேசிக்கொண்டே செய்வதாக இருக்க வேண்டும். அவரே முன்வந்து இன்னொருவரை அழைக்கிறாரா என்பதைப் பார்த்து அறிவோம்.” இதைப் படித்தாலே, அவருக்குத் தனியாக உட்கார்ந்து வண்ணம் தீட்டும் அமர்வு பொருந்தாது என்று விளங்குகிறது. ஆனால் வாக்கியம் எழுதப்படும் முன் அவர் மூன்று நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

‘மன அழுத்தத்தைக் குறைத்தது’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த அழுத்தம், எத்தனை மணிக்கு, யாருடைய முன்னிலையில் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் வாக்கியம் கூர்மை பெறும்.

4. வாக்கியத்துக்குப் பொருந்தும் கோட்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

ஒருவருக்கு ஒரு முதன்மைக் கோட்பாடு, தேவையானால் துணையாக இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். ஐந்து கோட்பாடுகளைத் திட்டத்தில் அடுக்கினால், முன்னேற்றம் வந்தாலும் வராவிட்டாலும் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் பணியில் அடிக்கடி கைகொடுப்பவை நான்கு.

மாற்று வலுவூட்டல். ஒரு செயலை மறுபடி செய்யத் தூண்டும் பலனே வலுவூட்டல். குடியின் ஈர்ப்பு குடியில் மட்டும் இல்லை. அதற்கு ஈடாகக் கைக்கெட்டும் தூரத்தில் வேறென்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்கிறது, மனிதர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளியல். 1973இல் ஹண்ட்டும் அஸ்ரினும் முன்வைத்த சமூக வலுவூட்டல் அணுகுமுறையும், வேலை, குடும்பம், நட்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றைக் குடி இல்லாத வாழ்க்கையோடு இணைத்து, குடித்தால் அவை கைவிட்டுப் போகும்படி அமைக்கிறது. குடி நாளின் கடிகாரத்தில் பெரிய வெற்றிடம் உள்ளவருக்கு இது பொருந்தும்.

தன்னிர்ணயக் கோட்பாடு. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்தது. நான் தேர்ந்தெடுத்தேன், என்னால் முடிகிறது, எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளும் நிறைவேறும்போதுதான் ஒரு செயலில் உள்ளார்ந்த ஈடுபாடு பிறக்கிறது என்பது இதன் அடிப்படை. பிறருடைய வற்புறுத்தலால் சேர்ந்தவருக்கும், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எதிலும் ஒட்டாதவருக்கும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தன்திறன் நம்பிக்கை. ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்தது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லும் ஊக்கம், உடலின் நிலையை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது. “எத்தனை தடவ சேர்ந்தாலும் என்னால முடியாது சார்” என்பவருக்கு இதுவே முதன்மை.

மறுகுடித் தடுப்பு மாதிரி. ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985இல் விரிவாக எழுதியது. கசப்பான மனநிலை, மனிதர்களோடு வரும் சச்சரவு, ‘ஒண்ணே ஒண்ணு’ என்று நண்பர்கள் தரும் நெருக்கடி போன்ற ஆபத்தான சூழல்களை முன்கூட்டியே அறிந்து, அவற்றைச் சமாளிக்கப் பழகுவது இதன் மையம். குடியை நிறுத்திச் சில மாதங்கள் நன்றாக இருந்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு சூழலில் ஒவ்வொரு முறையும் விழுபவருக்கு இதை எடுங்கள்.

கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன், மாற்றத்தின் எந்தப் படியில் அவர் நிற்கிறார் என்பதைப் புரோச்சாஸ்காவும் டிக்ளமென்டியும் வகுத்த படிநிலைகளைக் கொண்டு பாருங்கள். தனக்குச் சிக்கலே இல்லை என்று நினைப்பவரிடம் ‘குடிக்கு மாற்றாக ஒரு பொழுதுபோக்கு’ என்று தொடங்கினால், மாற்று எதற்கு என்றுதான் அவர் கேட்பார். அந்த நிலையில் உள்ளவரோடு வெறுமனே சேர்ந்து விளையாடுங்கள். குடியைப் பற்றி அவர் பேச்செடுக்கும் வரை நீங்கள் எடுக்க வேண்டாம்.

5. ஒரே கேரம் பலகை, நான்கு வேறு சிகிச்சைகள்

இந்தப் பகுதியைப் புதியவர்களுக்குப் பலகையை எதிரில் வைத்துக்கொண்டே சொல்லித்தருவேன். நீங்களும் அப்படிப் படித்தால் நல்லது.

மாற்று வலுவூட்டலைக் கொண்டு பார்த்தால், முதல் கேள்வி நேரம். அவருடைய குடி நேரம் 5.30 என்றால் ஆட்டமும் 5.30க்குத் தொடங்க வேண்டும். மதியம் 3 மணிக்கு ஆடுவதால் அந்த வெற்றிடம் நிரம்பாது. அடுத்தது, இன்பம் விரைவாகக் கிடைக்க வேண்டும். குடி சில நிமிடங்களில் பலன் தருவது. அதோடு போட்டியிடும் செயல் ஒரு மணி நேரம் கழித்துப் பலன் தந்தால் தோற்றுவிடும். ஆகவே 25 புள்ளி வரை ஆடும் முழு ஆட்டத்தை விட்டுவிட்டு, ஒரு பலகை ஆடி முடிந்ததும் ஆள் மாறும் முறையை வைக்கிறோம். மூன்றாவது, அவருடைய தெருவில் குடி இல்லாத கேரம் இருக்கிறதா என்று குடும்பத்தினரிடம் விசாரிக்கிறோம். இல்லையென்றால், மையத்தில் அவர் எவ்வளவு விரும்பி ஆடினாலும் வீட்டுக்குப் போனதும் அது அற்றுப்போகும்.

தன்னிர்ணயக் கோட்பாட்டைக் கொண்டு பார்த்தால், அதே பலகையில் நம்முடைய இடம் மாறுகிறது. யாருடன் ஆடுவது, சிவப்புக் காய்க்கு விதி என்ன, எப்போது நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்கிறார். நாம் நடுவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறோம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பல ஆண்டுகளாகத் தேர்வு என்பதே இல்லாமல் வாழ்ந்தவரிடம், “என்ன வேணும்னாலும் செய்யுங்க” என்றால் அவர் திணறிப்போவார். “கேரமா, தாயமா?” என்று இரண்டைக் காட்டித் தொடங்கி, வாரம் செல்லச்செல்ல விரிவாக்குங்கள். பரிசுகளையும் குறையுங்கள், பரிசுக்காக ஆடத் தொடங்கியவர் பரிசு நின்றதும் ஆட்டத்தை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தன்திறன் நம்பிக்கையைக் கொண்டு பார்த்தால், முதல் நாள் ஆட்டமே கிடையாது. கை நடுங்கும் ஒருவரைத் தேர்ந்த ஆட்டக்காரர் எதிரே உட்கார வைத்தால், தன்னால் முடியாது என்பதற்கு அவருக்கு இன்னொரு சான்று கிடைக்கும். குழிக்கு நான்கு விரல் தூரத்தில் ஐந்து காய்களை வையுங்கள். ஐந்தில் எத்தனை விழுந்தன என்று தேதியோடு அவரே எழுதட்டும். எட்டாம் நாள் தூரத்தைக் கூட்டுங்கள். நடுக்கம் குறைவதை அந்த நோட்டுப் புத்தகமே அவருக்குக் காட்டும். “கை நடுங்குது, நான் அவ்வளவுதான்” என்பது, “கை நடுங்குது, போன வாரத்தைவிடக் கம்மி” என்று மாறுவது பண்டூரா சொன்ன நான்காவது வழி. கற்றுக்கொடுக்க ஆள் தேடும்போது மாநில அளவில் ஆடியவரைக் கூப்பிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன் இதே நடுக்கத்தோடு இதே பலகையில் உட்கார்ந்தவர்தான் சரியான ஆள்; ‘என்னைப் போன்ற ஒருவர்’ என்பது அங்கேதான் உயிர்பெறுகிறது.

மறுகுடித் தடுப்பைக் கொண்டு பார்த்தால், ஆட்டத்தில் வரும் தோல்வியும் கேலியும் எரிச்சலுமே பாடப்பொருள். எளிதாக விழ வேண்டிய காயைத் தவறவிட்டு, எதிராளி சிரிக்கும்போது அவர் உடலில் என்ன நடக்கிறது என்று கேட்கிறோம். கடைசி வாரத்தில், “பத்து ரூபா பந்தயம் வச்சுக்கலாமாண்ணே?” என்று ஒருவரை வேண்டுமென்றே கேட்க வைத்து மறுக்கப் பழக்குகிறோம். இது பயிற்சி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏமாற்றிச் சோதித்தால் அவர் நம்மை நம்ப மாட்டார். மறுப்பு ஒரே மூச்சில் வரும் வரை பழக வேண்டும். “இல்லப்பா, டாக்டர் வேணாம்னாரு, அது வந்து…” என்று இழுப்பவரை நண்பர்கள் விடமாட்டார்கள்; “நான் பந்தயம் ஆடுறதில்ல தம்பி, காய அடுக்கு” என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புபவரை விட்டுவிடுவார்கள்.

6. வாரங்களின் வரிசையை அமையுங்கள்

பீட்டர்சனும் கன்னும் உருவாக்கிய ஓய்வுநேரத் திறன் மாதிரி, பொழுதுபோக்கு சிகிச்சையை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது: செயல்திறனை மீட்பது, ஓய்வு நேரத்தைப் பற்றிக் கற்பது, தன் விருப்பத்தில் பங்கேற்பது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப்போகச் சிகிச்சையாளரின் கட்டுப்பாடு குறைந்து, வந்தவரின் சுதந்திரம் கூடுகிறது. முப்பது நாள் தங்கும் திட்டத்தை இந்த வரிசையில் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் பத்து நாள் உடலுக்கும் கவனத்துக்கும். மெதுவான நடை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பல்லாங்குழி, எளிய மூச்சுப் பயிற்சி. அமர்வு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இந்த நாள்களில் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள். நெடுங்காலக் குடியால், சாதாரண விஷயங்களில் இன்பம் காணும் திறன் மங்கியிருக்கும். எதுவுமே பிடிக்கவில்லை என்று அவர் சொல்வது பெரும்பாலும் செயலைப் பற்றியதல்ல. இதை அறியாமல் நாளுக்கொரு விளையாட்டாக மாற்றிக்கொண்டே போவது புதியவர்கள் செய்யும் இரண்டாவது பெரிய பிழை. ஒரே செயலை ஒரு வாரமாவது கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த பத்து நாள் கற்பதற்கு. தன் மாலை நேரம் எப்படிப் போனது, எவ்வளவு செலவானது, வேறு என்ன கிடைக்கும் என்று குழுவாக உட்கார்ந்து பேசுவது இங்கே வரும். அவர் ஊரில் உள்ள நூலகம், உடற்பயிற்சிக் கூடம், மைதானம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், நற்பணி மன்றம் ஆகியவற்றை வரைபடமாகப் போட வைத்து, மதுக்கடை இருக்கும் வழியையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். நூலகத்துக்குப் போகும் வழி கடை வாசலைத் தாண்டித்தான் போகிறது என்பதை அந்தப் படம் வரையும்வரை பலர் யோசித்ததே இல்லை.

கடைசிப் பத்து நாள் அவர் கையில். அமர்வை அவரே நடத்துகிறார், நாம் உடனிருக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் வாரமே “எல்லாம் உங்க இஷ்டம்” என்று விட்டால் படுக்கையை விட்டு எழ மாட்டார்கள். கடைசி வாரம் வரை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், விசில் இல்லாத வீட்டில் எதுவும் நடக்காது.

7. ஓர் அமர்வை நடத்தும் விதம்

முதல் பத்து நாளுக்குப் பிந்தைய அமர்வுக்கான அளவு இது. ஐந்து நிமிடம் தொடக்கம். இன்று என்ன செய்யப்போகிறோம், ஏன் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். குடிக்கும் ஏக்கம் இப்போது 0 முதல் 10க்குள் எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் எழுத வையுங்கள். இந்த ஏக்க எண்ணை அமர்வின் முடிவிலும் எழுத வையுங்கள்.

பிறகு 35 நிமிடம் செயல். இங்கே உங்கள் வேலை கடினத்தைச் சரிசெய்வது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி விளக்கிய, செய்வதில் தன்னை மறந்து ஒன்றிப்போகும் நிலை, சவாலும் திறனும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது வருகிறது. கொட்டாவி வந்தால் சவால் குறைவு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அநேகமாகச் சவால் அதிகம். அந்த நேரத்தில் அறிவுரை சொல்லாமல் வலையின் உயரத்தையோ காயின் தூரத்தையோ ஆட்களின் எண்ணிக்கையையோ மாற்றுங்கள்.

கடைசி 15 நிமிடம் பேச்சு. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான். ஆனால் விளையாட்டைச் சிகிச்சையாக்குவதும் இதுதான். முதன்மைக் கோட்பாட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தன்திறன் நம்பிக்கை என்றால், “நேத்து முடியாதது இன்னைக்கு எது முடிஞ்சது?” மறுகுடித் தடுப்பு என்றால், “எந்த நிமிஷத்துல எரிச்சல் வந்தது, அடுத்து என்ன செஞ்சீங்க?” கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மௌனத்தைத் தாங்க முடியாமல் பணியாளர் சொற்பொழிவைத் தொடங்கிவிட்டால், அந்த அமர்வில் நடந்தது முழுவதும் அவருக்கு இன்னொரு புத்திமதியாகவே நினைவிருக்கும்.

8. தூண்டும் விளையாட்டுகளைக் கையாளுங்கள்

தனக்குப் பிடித்த செயலும் குடியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது இந்தப் பணியின் கடினமான பகுதி. சிலருக்கு மீன்பிடிப்பதும், கிரிக்கெட் பார்ப்பதும், சேவல் வளர்ப்பதும் குடியோடே வந்தவை. சீட்டாட்டத்தை நான் மையத்துக்குள் அனுமதிப்பதில்லை. பந்தயமும் குடியும் சேர்ந்தே வாழ்க்கையைக் குலைத்தவர்கள் அங்கே இருப்பார்கள், கைபேசி ரம்மியில் பணம் இழந்தவர்களும் இருப்பார்கள்.

பறை அடிக்கும் ஒருவர் வந்திருந்தார். பின்னோக்கிக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான். எனவே இரண்டாம் வாரமே ஒரு பறையை வரவழைத்துக் கொடுத்தோம். காய்ச்சிய தோலில் முதல் அடி விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடம் அற்புதமாக வாசித்தார். பிறகு பறையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். சாவு வீட்டில் அடிக்கும் இரவுகளில் இடைவேளைக்கு இடைவேளை குடிப்பதே வழக்கமாக இருந்ததை அவர் அப்போதுதான் சொன்னார். அன்று அமர்வுக்குப் பிந்தைய ஏக்க எண் 9. பிழை எங்களுடையது: திறமையைக் கேட்டோம், அந்தத் திறமை குடியோடு எந்த இடத்தில் சேர்கிறது என்பதைக் கடிகாரத்தில் பார்க்கவில்லை.

பறையை விலக்கிவிடுவது எளிய வழி. ஆனால் அது அவருடைய கலை, பெருமை, வருமானம். பிரிக்க வேண்டியது பறையையும் இடைவேளையையும்தான். இரண்டு நாள் கழித்து, பகலில், 15 நிமிடம் மட்டும், முடிந்தவுடன் சாப்பாடு என்று ஏற்பாடு செய்து, ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினோம். பின்னர் மற்றவர்களுக்கு அடிப்படை அடிகளைச் சொல்லித்தரும் பொறுப்பை அவர் ஏற்றார். கற்றுக்கொடுக்கும்போது கை ஓய்வதில்லை, குடிக்கும் இடைவேளையும் இல்லை.

ஆகவே விதி: தூண்டும் செயலை முதல் பத்து நாளில் கொடுக்காதீர்கள், கொடுக்கும்போது நேரத்தையோ இடத்தையோ உடனிருப்பவரையோ மாற்றிக் கொடுங்கள், ஏக்க எண் 7ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு, அவரைத் தனியாக விடாமல் ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏழு என்பது நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை. உங்கள் மருத்துவரோடு பேசி உங்களுக்கானதை வைத்துக்கொள்ளுங்கள்.

9. பதிவு செய்து, திட்டத்தைத் திருத்துங்கள்

‘25 அமர்வுகளில் 23க்கு வந்தார்’ என்பது வருகைப் பதிவேடு. மூன்றாம் படியில் எழுதிய வாக்கியத்தின் கடைசிப் பகுதி நடந்ததா என்பதே முன்னேற்றத்தின் பதிவு. கொத்தனாருக்கு நாங்கள் எழுதிக்கொண்டது ஒரே ஒரு விஷயம்: இன்று அவராகவே யாரையாவது அழைத்தாரா? பதினோராம் நாள்வரை ‘இல்லை’. பன்னிரண்டாம் நாள், புதிதாக வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு இளைஞனிடம், “எந்திரிப்பா, ஒரு ஆள் குறையுது” என்றார்.

ஏக்க எண் அமர்வுக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்பதை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரு வாரம் முழுக்க மாற்றமே இல்லையென்றால், முதலில் மருந்து, தூக்கம், மனச்சோர்வு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அவை சரியாக இருந்தால் செயலை மாற்றும் முன் மூன்றாம் படியின் வாக்கியத்துக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

10. வீடு திரும்பும் முன் மாலை நேரத்தைக் கட்டியமையுங்கள்

டிஸ்சார்ஜுக்கு ஐந்து நாள் முன்பு குடும்பத்தில் ஒருவரை வரவழைத்து, முதல் நாள் போட்ட கடிகாரத்தாளின் அருகில் புதிய தாள் ஒன்றை வையுங்கள். 5.30 முதல் 9 வரை ஒவ்வொரு அரை மணிக்கும் இடம், உடனிருக்கும் ஆள், செலவு, போகும் வழி ஆகிய நான்கையும் நிரப்ப வேண்டும். ‘நடைப்பயிற்சி’ என்று எழுதினால் போதாது. எந்தத் தெரு வழியாக, யாருடன் என்பது வேண்டும். செலவுக் கட்டத்தில் பெரிய தொகை வந்தால் அது நிலைக்காது. கூலி வாங்கும் நாளுக்குத் தனித் தாள் போடுங்கள்.

மழை நாளுக்கு ஒரு மாற்றும், துணையாள் வராத நாளுக்கு ஒரு மாற்றும் எழுதுங்கள். முடிந்தால், வெளியேறும் முன் ஒருநாள் மாலை பணியாளர் ஒருவரோடு அந்த இடத்துக்குப் போய்வரச் செய்யுங்கள். அறிமுகமில்லாத வாசலில் முதல்முறை தனியாக நுழைவதற்கான தயக்கமே பல திட்டங்களை முதல் நாளிலேயே முடித்துவிடுகிறது.

குடும்பத்தினரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மையத்திலிருந்து வந்தவர் மாலையில் விளையாடப் போனால், “வேலை வெட்டி இல்லாம ஆட்டமா?” என்ற சொல் வீட்டில் எழும். அந்த விளையாட்டு நேரமும் மாத்திரையைப் போல் சிகிச்சையின் பகுதி என்று மனைவிக்கும் தாய்க்கும் அவர் முன்னிலையிலேயே விளக்குங்கள்.

சறுக்கல் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். ஒரு முறை குடித்துவிட்டவர், “எல்லாம் போச்சு, இனி என்ன” என்று குற்றவுணர்வில் முழுக் குடிக்குத் திரும்புவதை மார்லட் தனியாகவே விளக்கியிருக்கிறார். ஆகவே தாளின் அடியில், “ஒரு நாள் தவறினாலும் மறுநாள் 5.30க்கு இதே இடத்துக்குப் போவேன்” என்று அவர் கையால் எழுத வைத்து, ஆலோசகரின் எண்ணையும் கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446ஐயும் குறித்துக்கொடுங்கள். நாள்தோறும் குடிக்கும் நிலைக்கே அவர் திரும்பியிருந்தால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துவர வேண்டும் என்பதைக் குடும்பத்தினருக்குச் சொல்லுங்கள். முதல் படியில் சொன்ன வலிப்பு ஆபத்து அப்போதும் உண்டு.

பிறகு ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் தொலைபேசியில் அழையுங்கள். “குடிக்கலையே?” என்று தொடங்காதீர்கள், அதற்கு ஒரு பதில்தான் வரும். “நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு எங்க இருந்தீங்க, கூட யார் இருந்தாங்க?” என்று கேட்டு, அவர் சொல்வதைப் புதிய தாளில் அந்தந்த மணிக்கு நேரே எழுதுங்கள்.